திருத்துவோனின் பொறுப்பு – பழைய காரின் சஸ்பென்சனை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

அறம் பற்றி எழுந்த நூல்கள் அரசனின் செங்கோலைப் பற்றிப் பேசும். துறவியின் நோன்பைப் பற்றிப் பேசும். போர்க்களத்திலே அம்பு தொடுக்கத் தயங்கி நின்ற வீரனின் மயக்கத்தைப் பற்றியும் பேசும். வீட்டு முற்றத்தில் மல்லாந்து படுத்து, காரின் அடியிலே கையை நீட்டி, துருவேறிய நட்டொன்றைக் கழற்ற முயலும் மனிதனைப் பற்றி அவை பேசுவதில்லை. ஆயினும் இக்கால மனிதனின் செயல்களுள் பெரும்பகுதி இயந்திரங்களோடு பிணைந்துவிட்டது. அச்செயல்களில் அறம் எங்கே தொழிற்படுகிறது என்பதை ஆராயாது விடின், அறவியல் பழம்பெருமை பேசும் கல்வியாகவே நின்றுவிடும்.

ஆதலின் ஓர் எளிய செயலை எடுத்துக்கொள்ளலாம். தனக்குச் சொந்தமான பழைய வேகக் கார் ஒன்றின் சஸ்பென்சனை ஒருவன் தன் வீட்டிலேயே, தன் கையாலேயே மாற்றியமைக்க முற்படுகிறான். அவ்வாறு செய்ய அவனுக்கு உரிமை உண்டா? உண்டெனின் அவ்வுரிமை எவ்விடத்தில் முடிகிறது? ‘முன்னையதிலும் சிறப்பாக்கிவிட்டேன்’ என்று அவன் கூறும் கூற்று எப்பொழுது உண்மையாகிறது? வினாக்கள் சிறியனபோலத் தோன்றலாம். ஆயின், மரபாக வந்த எப்பொருளையும் திருத்தப் புகுவோர் அனைவரும் எதிர்நோக்க வேண்டிய வினாக்கள் இவற்றுள்ளே அடங்கியிருக்கின்றன.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலப்பரப்பில் இவ்வினா வெறுங் கற்பனையன்று. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான அவ்வாவி, எழுவான்கரை, படுவான்கரை என நிலத்தை இரு கூறாக்கி நிற்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என ஊர்கள் தொடர்ந்து கிடக்க, அவற்றினூடே நெடுஞ்சாலை செல்கிறது. போர்க்காலத்திலே குண்டும் குழியுமாய்க் கிடந்த வீதிகள் பல, 2009ஆம் ஆண்டிற்குப் பின் அகலிக்கப்பட்டுக் காபட் வீதிகளாயின. 1920களில் எழுந்த ஒடுங்கிய இரும்புப் பாலமாகிய பழைய கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டமையால், ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தோர் சக்கரத்தின் மீதே கடக்கலாயினர். வீதி சீரானதும் வேகத்தின்மீது ஆசை பிறத்தல் இயல்பேயாம்.

அந்த ஆசை புதிய கார்களை நாடாது பழைய கார்களையே பற்றி நிற்பதற்கு இலங்கையின் பொருளாதார வரலாறும் ஒரு காரணமாகும். 1970 முதல் 1977 வரை நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாட்டின்போது, இருந்த கார்களை ஒட்டியும் வெட்டியும் ஓட்டுவதே வழியாயிற்று. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெற்றோல் தடைப்பட்ட வேளையில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. அவ்வைந்தாண்டுக் காலத்திலே பழைய காரின் மதிப்பு பன்மடங்காயிற்று. ஆதலின் 1960களின் மினி கூப்பரோ, 1980களிலும் 1990களிலும் வந்த ஹொண்டா சிவிக், மிற்சுபிசி லான்சர் முதலியனவோ ஒருவனிடம் இருப்பின், அவற்றைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குதல் பலருக்கு இயலாத காரியம். அவற்றைத் திருத்துதலே இயன்ற காரியம்.

இனி, திருத்தப்படும் பொருளின் இயல்பை நோக்குதல் வேண்டும். பொருளை அறியாது அதன் அறத்தைப் பேசுதல் வெற்றுரையாகும். சஸ்பென்சன் என்பது சக்கரத்தையும் காரின் உடலையும் இணைத்துத் தாங்கும் அமைப்பு. அதற்கு இரு கடமைகள் உள. வீதியின் மேடுபள்ளம் உள்ளிருப்போரை வருத்தாது காத்தல் ஒன்று. டயர் வீதியைவிட்டு விலகாது பற்றி நிற்கச் செய்தல் மற்றொன்று. முன்னது இன்பம் பற்றியது. பின்னது உயிர் பற்றியது. காரைத் திருப்புவதும் நிறுத்துவதும் உள்ளங்கையளவான நான்கு டயர்ப் பரப்புகள் வீதியைத் தொட்டிருப்பதிலேயே தங்கியுள்ளன. இக்கடமைகளை நிறைவேற்ற விற்சுருள் பாரத்தைத் தாங்குகிறது. அவ்வில் ஓயாது துள்ளாதவாறு எண்ணெய் நிரப்பிய ஷொக் அப்சோபர் அடக்குகிறது. இணைப்புகளிலே பொருந்திய இறப்பர் புஷ்கள் சிறிது நெகிழ்ந்து கொடுத்தும் திசை தவறாது காத்தும் நிற்கின்றன.

இவ்வமைப்பு ஓர் இசைக்கருவியை ஒத்தது என்பது மிகையன்று. காரைதீவில் 1892இல் பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ என்னும் பெருநூலில் வழக்கொழிந்த யாழினைக் கணக்கின் துணைகொண்டு மீட்க முயன்றார். நரம்பின் மீடிறன் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு நரம்பின் சுரத்தை ஒரு தானம் மேலுயர்த்த, அதாவது மீடிறனை இருமடங்காக்க, இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். விற்சுருளும் இதே விதிக்கு உட்பட்டது. அதன்மீது ஆடும் காரின் மீடிறன் வில்லின் விறைப்பின் வர்க்கமூலத்தைத் தொடர்ந்து செல்லும். விறைப்பை ஒன்றரை மடங்காக்கினால் மீடிறன் நூற்றுக்கு 22 அளவே உயரும். சாதாரண கார் நிமிடத்திற்கு ஏறக்குறைய 60 முதல் 90 முறை அசையுமாறு அமைக்கப்படுகிறது. பந்தயக் கார் அதனினும் விரைந்து அசையும். நரம்பை இறுக்கியவன் யாழின் உடல் அதனைத் தாங்குமா என்று நோக்குவதுபோல, வில்லை மாற்றுவோனும் அதற்கியைந்த ஷொக் அப்சோபரையும் அதனைத் தாங்கும் உடலையும் நோக்குதல் வேண்டும். ஒன்றைத் தனித்து மாற்றுதல் என்பது இங்கே இல்லை.

விபுலாநந்தரின் முயற்சியிலிருந்து மற்றொன்றும் பெறப்படுகிறது. அவர் தம் காலத்து வீணையை எடுத்து அதற்கு யாழ் என்று பெயரிட்டுவிடவில்லை. பழைய பொருள் எவ்வாறு இருந்தது, எதற்காக அவ்வாறு இருந்தது என்பதை முதலில் அளந்தறிய முயன்றார். பழம்பொருளைத் திருத்தப் புகுவோர்க்கு இதுவே முதற்படியாகும்.

இப்படியைத் தாண்டிச் செல்வோரிடத்தே ஒரு மயக்கம் எழுகின்றது. விறைப்பாகவும் தாழ்வாகவும் இருப்பதே வேகக் காரின் இலக்கணம் என்பது அம்மயக்கம். பந்தயக் கார்கள் தாழ்ந்தும் விறைத்தும் இருத்தல் உண்மை. ஆயின் அவை ஓடுவது பந்தயத்துக்கெனச் சீராக்கப்பட்ட தளத்தில். கிராமத்து வீதியில் தாழ்ந்து விறைத்த கார், ஒவ்வொரு மேட்டிலும் டயரை வீதியினின்றும் துள்ளச் செய்யும். துள்ளிய டயருக்குப் பிடி இல்லை. ஓட்டுவோனோ உடலுக்கு ஏற்படும் குலுக்கத்தை வேகமென உணர்கிறான். தோற்றமும் உண்மையும் வேறாகும் இடம் இது. கொலின் சப்மன் உருவாக்கி 1962இல் வெளிவந்த லோட்டஸ் எலான் என்னும் சிறு கார், தன் காலத்திலே வளைவுகளில் மிகச் சிறப்பாக ஓடும் கார்களுள் ஒன்றெனப் போற்றப்பட்டது. அதன் விற்சுருள்களோ மென்மையானவை. மென்மையான வில்லைத் தக்க ஷொக் அப்சோபரால் அடக்கி, சக்கரம் வீதியைப் பின்தொடர விட்டமையே அதன் சிறப்பின் காரணம். 1959இல் வந்த மினியில் அலெக்ஸ் மோல்ரன் இரும்பு வில்லுக்குப் பதிலாக இறப்பர்க் கூம்பை அமைத்தார். அது தொடக்கத்தில் நெகிழ்ந்து, பாரம் கூடக்கூட விறைக்கும் இயல்பினது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ஓட்டப்போட்டியில் வென்ற மினி கூப்பர் வகைக் கார்கள், விறைப்பையும் நெகிழ்வையும் இணைத்தறிந்த அறிவின் வழிவந்தவை.

இம்மயக்கத்தின் மலிவான வடிவம் விற்சுருளை வெட்டுதல். அரத்தாலோ அறுக்கும் இயந்திரத்தாலோ ஒரு சுற்றை வெட்டிவிட்டால் கார் தாழ்ந்துவிடும்; செலவும் இல்லை. ஆறு சுற்றுக்கள் தொழிற்படும் வில்லில் ஒன்றை வெட்டினால் விறைப்பு நூற்றுக்கு 20 கூடும். ஆயின் அதே வேளையில் வில் குறுகி, சக்கரம் மேலெழுவதற்குரிய இடைவெளியும் குறைகிறது. இடைவெளி முடிந்ததும் சக்கரம் இறப்பர்த் தடையில் மோதும். அக்கணத்தில் சஸ்பென்சன் இல்லாத வண்டி போலாகிவிடும். சக்கரம் கீழ்நோக்கித் தொங்கும்போது வில் தன் இருக்கையைவிட்டு நழுவவும் கூடும். தீயால் வில்லைச் சூடாக்கித் தாழ்த்துவோரும் உளர். அவர்கள் உருக்கின் பதத்தையே கெடுத்துவிடுகின்றனர். கார் பார்வைக்கு மிடுக்காய் நிற்கும். அதன் குறை ஒரு மழைநாள் வளைவிலேயே வெளிப்படும்.

இதற்கு எதிரே மற்றொரு சாரார் நிற்கின்றனர். பழையது பழையவாறே இருத்தல் வேண்டும்; ஓர் ஆணியை மாற்றினும் அது வேறு காராகிவிடும் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கையின் வேர் மிகப் பழமையானது. தீசியஸின் கப்பலைப் பேணிய ஏதென்ஸ் மக்கள் உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாய் மாற்றிவர, அது அதே கப்பலா எனத் தத்துவஞானிகள் வாதிட்டமையைப் புளூட்டாக் குறித்துள்ளார். ‘மிலிந்த பஞ்ஞா’ என்னும் பாளி நூலில், தேரேறி வந்த மன்னன் மிலிந்தனை நோக்கி, அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா என நாகசேனர் வினவுகிறார். எவ்வுறுப்பும் தேரன்று, உறுப்புகள் கூடிய வழி வழங்கும் பெயரே தேர் என்பது அவ்வுரையாடலின் முடிபு. இம்முடிபை ஏற்பின், ‘மாறாத மூலக் கார்’ என ஒன்று இல்லை என்பது பெறப்படும். 30 ஆண்டுகள் உப்புக்காற்றில் நின்ற காரின் இறப்பர் வெடித்திருக்கும். ஷொக் அப்சோபர் எண்ணெய் கசிந்திருக்கும். கை வைக்காது விடுதலும் ஒரு மாற்றமே. காலம் செய்யும் மாற்றம் அது.

மூலம் என்பதும் புனிதமான ஒன்றன்று. மொறிஸ் மைனரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்குமுன் மாதிரி வண்டி ஒடுங்கியிருப்பதாக உணர்ந்து, அதனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகலமாக்கினார். 1948இல் உலகறிய வந்து, பதினாறு இலட்சத்திற்கு மேல் உற்பத்தியான அக்காரின் ‘மூல வடிவமே’ ஒரு திருத்தத்தின் விளைவு. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்த சார்ள்ஸ் வெயர் என்பார், ஒரு காரைத் தொடர்ந்து திருத்தி நீண்ட காலம் பேணுதலே சிக்கனமும் பொறுப்பும் ஆகும் என வாதிட்டார். 1990களில் அவரது முயற்சியின் தொடர்பாகக் காலிப் பகுதியில் மொறிஸ் மைனருக்குரிய உதிரிப்பாகங்கள் இலங்கைத் தொழிலாளரின் கையால் செய்யப்பட்டன. திருத்துதலும் பேணுதலும் ஒன்றுக்கொன்று பகையன்று என்பதற்கு இது சான்று.

ஆகவே, மாற்றலாமா என்பதன்று வினா. எதற்காக, யாருக்கு விடைசொல்லி மாற்றுவது என்பதே வினா. இவ்விடத்திலேயே வீட்டில் செய்யும் வேலையின் தனித்தன்மை தோன்றுகிறது.

கல்லடியிலோ ஆரையம்பதியிலோ ஓர் இளைஞன் தன் வீட்டு முற்றத்தில் இவ்வேலையைத் தொடங்குகிறான் எனக் கொள்ளலாம். அவன் காலடியில் இருப்பது மணல். மணலில் நிறுத்திய ஜக் சரியும்; தாங்குகால் ஒரு பக்கம் அமிழும். அகன்ற பலகையோ சீமெந்துத் தளமோ இன்றி அவன் காரின் அடியில் புகுவானாயின், தன் உயிரை மணலிடம் ஒப்படைக்கிறான். அமுக்கிய விற்சுருளும் அத்தகையதே. ஒரு மில்லிமீற்றர் அமுக்க 20 நியூற்றன் விசை வேண்டும் வில்லொன்று 15 சென்ரிமீற்றர் அமுக்கப்பட்டால், அதனுள் 225 யூல் சத்தி அடங்கிக் கிடக்கும். பத்துக் கிலோகிராம் கல்லொன்று ஓராள் உயரத்துக்கு மேலிருந்து விழுவதற்கு அது சமம். உப்புக்காற்றால் இறுகிய போல்டைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுங்கால் அதன் புரியும் கெடும். கெட்ட புரி இறுகியதுபோலக் காட்டி இறுகாதிருக்கும்.

இவை கண்ணுக்குத் தெரியும் இடர்கள். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. 1987இல் வந்த நான்காந் தலைமுறை ஹொண்டா சிவிக் முதல் 2000ஆம் ஆண்டு வரையான சிவிக் கார்களின் நான்கு சக்கரங்களும் இரட்டைக் கை அமைப்பின. அதனால் அவற்றிலே பல இறப்பர் புஷ்கள் உள. உட்குழலும் வெளிக்குழலும் இறப்பரோடு ஒட்டிய அவ்வகைப் புஷ்ஷின் போல்டை, கார் தன் பாரத்தோடு சக்கரத்தில் நிற்கும் நிலைக்கு வந்த பின்னரே இறுதியாக இறுக்குதல் வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் இறப்பர் நிரந்தரமாய் முறுக்குண்டு சில மாதங்களில் கிழியும். தொங்கும் நிலையில் இறுக்குதல் எளிது. நிற்கும் நிலையில் இறுக்குதல் கடினம். எவ்வாறு இறுக்கினாலும் வெளித்தோற்றம் ஒன்றே. எவ்வாறு இறுக்கப்பட்டது என்பதை இறுக்கியவன் ஒருவனே அறிவான்.

சட்டம் அவனைக் கண்காணிக்கும் எனின், அக்கண்காணிப்பும் குறைவுடையதே. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இலங்கையில் உண்டு. ஆயினும் தனியார் கார் ஆண்டுதோறும் வருமான உத்தரவுப் பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியுமே வழமையாகக் கேட்கப்படுகின்றன. புகை அளக்கப்படுகிறது, அடியில் உள்ள போல்ட் அளக்கப்படுவதில்லை. எனவே முற்றத்தில் வேலை செய்வோன் தானே தொழிலாளி, தானே பரிசோதகன், தானே பயன்பெறுவோன் ஆகிறான். தன் வழக்கில் தானே நீதிபதியாதல் கூடாது என்பது நீதியின் முதல் விதிகளுள் ஒன்று. அவ்விதியை அவன் நாள்தோறும் மீறும் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறான்.

‘கார் என்னுடையது; உயிரும் என்னுடையது; பிறருக்கென்ன?’ என்று அவன் கேட்கலாம். இவ்வாதம் காருக்குப் பொருந்துமாயினும் வீதிக்குப் பொருந்தாது. நகருக்கு வெளியே அனுமதிக்கப்பட்ட 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு விநாடிக்கு 19 மீற்றர் கடக்கிறது. அவ்வீதியிலே சைக்கிளில் மீன்பெட்டி கட்டிச் செல்வோரும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும், முச்சக்கர வண்டிகளும், வயலிலிருந்து திரும்பும் மாடுகளும் உள. அவர்கள் எவரும் அவனுடைய பரிசோதனைக்கு உடன்பட்டவர் அல்லர். வில்லை வெட்டியதால் மிச்சமான பணம் அவனுக்குரியது. துள்ளும் டயர் கூட்டிய ஆபத்தோ அவர்களுக்கும் உரியது. இலாபத்தைத் தனதாக்கி நட்டத்தைப் பகிர்ந்தளித்தல் எவ்வகைக் கணக்கிலும் நேர்மையாகாது.

வறுமை பற்றிய மறுப்பு இதனினும் வலியது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டியோரும் விதிமுறை நோக்கினரல்லரே. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல அவர்களுக்கு வேறு வழி இருந்ததா? உண்மையே. தேவை நெருக்கும்போது ஏற்கும் இடரும், இன்பத்துக்காக ஏற்கும் இடரும் ஒன்றல்ல. முன்னதைச் சமூகம் பொறுத்துக்கொள்ளும். ஏனெனில் அதன் பயனிலும் சமூகத்துக்குப் பங்குண்டு. வேகக் காரைத் தாழ்த்துதல் அத்தகைய தேவையன்று. ஆதலின் அதனைச் செய்வோனிடம் எதிர்பார்க்கப்படும் கவனம் கூடுமேயன்றிக் குறையாது. கையிற் பணம் இல்லாதவன் இன்று புதிய புஷ்களை மட்டும் மாற்றி, வில்லை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தல் இழிவன்று. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய ஷொக் அப்சோபரின் வரலாறு தெரியாதபோது, அதனைக் கையால் அமுக்கியும் விரித்தும் பார்த்து ஐயம் இருப்பின் விலக்குதலும் அவ்வாறே.

அவ்வாறாயின் இவ்வேலை முழுவதையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாகாதா? இக்கேள்விக்கு ஆம் என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆயின் அவ்விடை ஒன்றை இழக்கச் செய்கிறது. தன் காரின் அடியைத் தான் கண்டவன், அதன் குறையையும் எல்லையையும் அறிவான். புதிய ஓசையொன்று கேட்டால் அதன் பொருளை உணர்வான். பிறரிடம் ஒப்படைத்தோன் பணம் கொடுத்ததோடு தன் பொறுப்பும் தீர்ந்ததாக எண்ணிவிடக் கூடும். கராஜிலும் போல்ட் கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே இருக்கிறது; அங்கும் அதனை இறுக்குவோன் தனித்த மனிதனே. ஆகவே கற்றவன் கை வீட்டிலிருப்பினும் கராஜில் இருப்பினும் அறம் ஒன்றே. கைவேலை அறிவைச் சிலரிடம் மட்டும் ஒதுக்கிவிடும் சமூகம், நெருக்கடி வந்தபோது செயலிழக்கும் என்பதையும் இலங்கையின் அண்மை வரலாறு காட்டியுள்ளது.

வேண்டப்படுவது தடையன்று, சாட்சி. கண்காணிப்போர் இல்லாத இடத்தில் திருத்துவோன் தனக்குத் தானே சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும். தொடங்குமுன் காரின் நான்கு மூலைகளின் உயரத்தை அளந்து எழுதிவைத்தல் ஒரு சாட்சி. தயாரிப்பாளர் நூலில் குறித்த முறுக்குவிசையை, கைப்பலத்தின் ஊகத்தால் அன்றி அளவுள்ள ஸ்பனரால் நிறைவேற்றுதல் ஒரு சாட்சி. மீன்பிடி நைலான் நூலைக் காரின் இருபுறமும் இணையாகக் கட்டி, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என அளத்தல் மூன்றாவது. பின்னர் அதனைச் சக்கரச் சீரமைப்பு நிலையத்தில் ஒப்புநோக்கல் நான்காவது. வேலை முடிந்த பின், அதில் ஈடுபடாத, தவறைக் கண்டால் சொல்லக் கூசாத மற்றொருவரை அடியில் புகுந்து பார்க்கச் செய்தல் எல்லாவற்றினும் பெரிய சாட்சி. முதல் ஓட்டம் அதிகாலையில், ஆளில்லாத வீதியில், மெதுவான வேகத்தில் நிகழ்தல் வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஒவ்வொரு போல்டையும் மீண்டும் பார்த்தல் வேண்டும். ஒரு நாள் அக்காரை விற்க நேரின், செய்த மாற்றங்களை மறையாது வாங்குவோனிடம் கூறுதல் இறுதிக் கடமை. காரின் அடியைக் காணாது வாங்குவோன், விற்போனின் சொல்லையே வாங்குகிறான்.

இவ்வழியே செல்வோனின் ‘மேம்பாடு’ எவ்வாறு அமையும்? பெரும்பாலும் அது ஆரவாரமற்றதாய் இருக்கும். பழுதடைந்த புஷ்களும் கசிந்த ஷொக் அப்சோபர்களும் புதுக்கப்பட்டவுடனேயே, பழைய கார் தன் பிறப்பிலிருந்த திறத்தைப் பெருமளவு மீண்டும் பெறும். முதல் மேம்பாடு மீட்பேயாகும். அதன் மேல் வேண்டுமாயின், விறைப்பு அறியப்பட்ட, சிறிதளவே கூடிய வில்லையும் அதற்கென அமைந்த ஷொக் அப்சோபரையும் சேர்த்தே பொருத்தலாம். உயரம் குறையும் அளவு வீதியின் மேட்டால் வரையறுக்கப்படும். கண்ணின் ஆசையால் அன்று. காரை விரைவாகச் செலுத்தல் மட்டுமன்றி, விரைவாக நிறுத்தலும் அங்கே கணக்கில் எடுக்கப்படும். பார்ப்போர்க்கு அக்காரில் எதுவும் மாறியதாகத் தோன்றாமலும் போகலாம்.

புறநானூற்றிலே ஔவையார், அதியமான் மகனைப் போற்றுமிடத்து, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சினை அவனுக்கு உவமை கூறினார். மேட்டிலும் பள்ளத்திலும் வண்டிக்கு என்ன நேரும் என்பதை யார் அறிவார் என்ற முன்னெண்ணத்தால் அவ்வச்சு அங்கே கட்டப்பட்டது. வீரனுக்குச் சிங்கமும் புலியும் உவமையாகும் மரபிலே, வண்டியின் அடியில் எவரும் நோக்காது கிடக்கும் மரத்துண்டு ஒன்றை அப்புலவர் தேர்ந்தமை சிந்திக்கத்தக்கது. பிறர் காணாத இடத்திலும், இன்னும் நேராத இடருக்காகவும் செய்யப்படும் செயலின் பெருமையை அக்காலத்து மக்கள் அறிந்திருந்தனர்.

உரிமை, அறிவு, பொறுப்பு ஆகிய மூன்றும் இச்சிறு செயலில் பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளன. காருக்கு உரியவனாதலால் ஒருவன் அதனை மாற்ற உரிமை பெறுகிறான் என்பது பாதி உண்மை. மாற்றத்தின் விளைவுக்கு வீதியில் வரும் அந்நியனிடமும் விடைசொல்ல வல்லவனாகும்போதே அவ்வுரிமை முழுமை பெறுகிறது. அவ்விடையை அவன் பேச்சால் கூற வேண்டியதில்லை. சக்கரம் வீதியில் நிற்கும் நிலைக்குக் காரை இறக்கி, மீண்டும் அடியில் புகுந்து, எவரும் கேளாத அந்த ஒரு போல்டை உரிய அளவுக்கு இறுக்கும்போது அவன் அதனைக் கூறிவிடுகிறான்.